வன்னி வளவுக்கு எந்தக் கன்று?

9 ஜூலை 2024 – கேள்வி

வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்கு அண்மையில் அரை ஏக்கர் வளவு. வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி முடிந்து குடிவந்துவிட்டோம். வளவில் ஒரு பாலை மரமும் இரண்டு வேம்பும் நிற்கின்றன, மற்றதெல்லாம் வெட்டவெளி. கன்று விற்கும் லொறி வாரத்துக்கு ஒருமுறை வீதியால் வருகிறது. ரம்புட்டான், மங்குஸ்தான், அவகாடோ, ஒட்டு மா, தென்னம்பிள்ளை, நிறநிறமாகக் குரோட்டன் எல்லாம் இருக்கின்றன. "தண்ணீர் இருந்தால் வன்னி மண்ணில் எதுவும் வரும்" என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. எதை வாங்கலாம்?

9 ஜூலை, இரவு

தம்பி, ரம்புட்டானையும் மங்குஸ்தானையும் வாங்காதீர்கள். ரம்புட்டான் மல்வானைப் பக்கத்தில் காய்க்கிறது, மங்குஸ்தான் களுத்துறைப் பக்கத்தில் காய்க்கிறது. அங்கே ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் மழை உண்டு. காற்றிலும் ஈரம் உண்டு. நமக்கோ மழையின் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கித் தை பிறப்பதற்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இலை இழக்கும் ஈரத்தை வேரில் ஊற்றும் தண்ணீரால் ஈடுசெய்ய முடியாது. வைகாசியில் செழிப்பாக நிற்கும் கன்று ஆடியில் இலை விளிம்பு கருகி, ஆவணியில் வெறும் தடியாகிவிடும்.

அவகாடோ கோடையில் தப்பினாலும் மாரியில் தப்பாது. வேரடியில் தண்ணீர் நின்றால் அதன் வேர் அழுகத் தொடங்கிவிடும்.

"தண்ணீர் இருந்தால் எதுவும் வரும்" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். உங்களிடம் இரண்டு கேள்விகள். ஆவணிக் கடைசியில் உங்கள் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்? மார்கழியில் வளவின் எந்த மூலையில் வெள்ளம் தேங்கும்? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு லொறியை மறியுங்கள்.

10 ஜூலை

நீங்கள் அங்கே ஒரு கோடையும் முழுதாகக் காணவில்லை, ஒரு மாரியும் காணவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பக்கத்து வளவில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் போய்க் கேளுங்கள். கிணறு எந்த ஆண்டில் வற்றியது, வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த அந்த நாள்களில் உங்கள் பக்கத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்த ஒரு பதில், கன்றுக்கு ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைவிடப் பெரிய உதவி.

14 ஜூலை

மண்ணைப் பற்றி. மாங்குளம், வவுனியாப் பக்கத்தில் பெரும்பாலும் செங்கபில மண். ஈரமாக இருந்தால் காலில் அப்பும், காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் அசையாது. மேலே ஓரளவு நல்ல மண், கீழே கிரவல். வேர் அந்தக் கிரவலில் போய் நின்றுவிடும்.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. நடப்போகும் இடத்தில் இரண்டு அடி ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீரால் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி இரவு விட்டுவிடுங்கள். காலையில் குழி காய்ந்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்காது, நம் காலநிலைக்கு ஏற்ற எதையும் நடலாம். பாதிக்குமேல் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் பப்பாசி, முருங்கை, அவகாடோ மூன்றையும் மறந்துவிடுங்கள். மா வைப்பதானாலும் மண்ணை ஒரு முழம் உயர்த்தி மேடாக்கித்தான் வைக்க வேண்டும்.

புதுவீட்டு வளவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. கட்டட வேலை முடிந்ததும் சீமெந்துக் கழிவையும் உடைந்த கல்லையும் சுவர் ஓரமாகத் தள்ளி, மேலே கிரவல் பரப்பிவிடுவார்கள். பார்க்க முற்றம் சுத்தமாக இருக்கும். சீமெந்துச் சுண்ணாம்பு இறங்கிய மண்ணில் கன்றின் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எங்கள் வீட்டுச் சுவரோரத் தேசி அப்படி நின்றதைப் பார்த்தவர்கள் எல்லோரும் பசளை போதாது என்றார்கள். பசளை போட்டும் மஞ்சள் மாறவில்லை. கிளறியபோது ஒரு பை சீமெந்து கட்டியாகிக் கிடந்தது. அதைக் கிண்டி எடுத்து, குளத்து வண்டலும் சாணி எருவும் இட்ட பிறகு வந்த துளிர் பச்சையாக வந்தது. சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் குழி வெட்டுங்கள். அது கூரைக்கும் நல்லது.

15 ஜூலை

நேற்று எழுதாமல் விட்டது, எல்லாவற்றிலும் முக்கியமானது. குழி வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு, தெரியாத பிளாஸ்டிக் பெட்டி, கம்பி எதுவும் தட்டுப்பட்டால் உடனே மண்வெட்டியை வைத்துவிட்டு விலகுங்கள். தோண்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பொலிஸுக்கு அறிவியுங்கள், கண்ணிவெடி அகற்றுவோரை அவர்கள் அழைப்பார்கள். காடு பற்றிக் கிடந்த வளவானால் ஆழக் குழி வெட்டும் முன் அந்தப் பகுதி அகற்றி முடிந்த பகுதிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரத்துக்கு அவசரமில்லை.

21 ஜூலை

மா. கட்டாயம் வையுங்கள். கறுத்தக்கொழும்பான் ஒன்று, முடிந்தால் விலாட்டு ஒன்று. அம்பலவி விருப்பமானால் அதுவும். ஆனால் அரை ஏக்கர் என்றதும் பத்து மாங்கன்று வாங்கிவிடாதீர்கள். வளர்ந்த மரத்துக்கு 25 முதல் 30 அடி இடைவெளி வேண்டும். இப்போது கன்று சின்னதாக இருப்பதால் எல்லோரும் நெருக்கி வைக்கிறார்கள்; பிறகு கிளைகள் பின்னி, உள்ளே வெயில் விழாமல் வெளிப்பக்கத்தில் மட்டும் காய்க்கும்.

ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். அது மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடவேண்டும். ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் கீழ்மரம் மேலேறி, கறுத்தக்கொழும்பான் என்று வளர்த்த மரத்தில் புளிமாங்காய் காய்க்கும்.

22 ஜூலை

"விதை போட்டு முளைத்த மா கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும். காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும், தாய்மரத்தின் பழமே வரும் என்று உறுதியில்லை. ஆனால் ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் கோடையைத் தாங்கும். படலையடியில் நிழலுக்கு ஒன்று நிற்கட்டும்.

28 ஜூலை

தென்னை பற்றிக் கேட்டவர்கள் பலர், எனவே சற்று நீளமாக.

தென்னை இல்லாத வீட்டை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது, எனக்கும் அப்படித்தான். ஆனால் காய்க்கும் தென்னை கோடையில் நாளொன்றுக்கு 40 லீட்டருக்குக் குறையாமல் கேட்கும். பத்துத் தென்னை என்றால் 400 லீட்டர். ஆவணியில் கிணற்று அடியைக் காணும் வீட்டில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பளையைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், அங்கே மணல் மண்ணில் வரிசை வரிசையாகத் தென்னை நிற்கிறதே என்று. பளையில் நிலத்தடி நீர் வேருக்கு எட்டும் ஆழத்தில் கிடக்கிறது. மாங்குளத்தில் பாறைக்கு மேலே தேங்கும் நீர்தான் கிணற்றில் ஊறுகிறது; தென்னை வேர் அங்கே போய்க் குடிக்காது.

ஆகவே குடும்பத்துக்குப் போதுமான மூன்று நான்கு மரம். குழி மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். அடியில் பொச்சுமட்டையை இரண்டு அடுக்காக, நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மண் தூவி, அதன்மேல் எருக்கலந்த மண். மாரியில் பொச்சு குடித்து வைக்கும் நீர், பங்குனி சித்திரையில் பிள்ளைக்கு உதவும். ஒன்றைக் கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் வையுங்கள். குளிக்கும் தண்ணீர் அதற்குப் போகட்டும்.

வெண்ஈத் தாக்கத்தால் ஓலை கறுத்த மரங்களை இப்போது எங்கும் காண்கிறோம். பிள்ளை வாங்கும்போது ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகுச் சுருள் இருந்தால் அந்த லொறியில் எதையுமே வாங்காதீர்கள்.

29 ஜூலை

கிணற்றடி என்றதும் வாழையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று சித்தி கேட்டார். வாழை கிணற்றடியில்தான் இருக்க வேண்டும், வேறு எங்கும் வேண்டாம். கதலியோ இதரையோ இரண்டு மூன்று பற்றை. முட்டுக் கொடுக்கத் தடி தயாராக இருக்கட்டும்.

3 ஓகஸ்ட்

மன்னார்த் தீவிலிருந்து எழுதிய அக்கா சொல்வது நியாயம். நான் இதுவரை எழுதியதெல்லாம் செங்கபில மண்ணுக்கு. தீவில் மணல், மழையும் எங்களைவிடக் குறைவு, கிணற்றுநீர் கோடையில் உவர்க்கிறது. அங்கே தேசியும் தோடையும் பயிற்றங்காயும் உப்பைத் தாங்காது. இலை நுனி எரியும். தென்னை தாங்கும், பனை தாங்கும், பூவரசு தாங்கும், சப்போட்டாவும் தாங்கும். மணலில் மரமுந்திரிகை நன்றாக வரும். கொண்டச்சிப் பக்கத் தோட்டங்களே அதற்குச் சாட்சி.

முருங்கன் பக்கத்தார் இன்னொரு விதமாக யோசிக்க வேண்டும். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே கறுப்புக் களிமண். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மாரியில் வீங்கி மூடும். அந்த வெடிப்பு இளம் மரத்தின் வேரையே அறுத்துவிடும். அங்கே வீட்டைச் சுற்றிச் செம்மண் பறித்து உயர்த்திய இடத்தில் மட்டும் பழமரம் வைக்கலாம்.

வன்னி என்று ஒரே பெயரில் சொல்கிறோம். குழி வெட்டினால் பத்துக் கட்டைக்கு ஒரு மண் வருகிறது.

17 ஓகஸ்ட்

இந்த மாதத்தை வீணாக்காதீர்கள். காலை வெயில் ஏறுமுன் ஊரைச் சுற்றி நடந்து, யாரும் தண்ணீர் ஊற்றாத மரங்களில் எவை பச்சையாக நிற்கின்றன என்று பாருங்கள். பாலை, வீரை, வேம்பு, விளா, புளி, நாவல், பனை. யாருடைய ஆலோசனையும் இல்லாமல் நிலம் தானே எழுதிய பட்டியல் அது. வளவின் மேற்கிலும் தெற்கிலும், காற்று வரும் பக்கத்தில், இவற்றில் இரண்டு மூன்றை நிறுத்துங்கள். மறைப்புக் கிடைத்தால் உள்ளே நிற்கும் மாதுளையும் கொய்யாவும் கறிவேப்பிலையும் பாதித் தண்ணீரில் பிழைக்கும்.

உங்கள் பாலையை வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள், இலை கூரையில் கொட்டுகிறது என்பதற்காக. தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த அளவுக்கு வளர அதற்கு ஒரு மனித ஆயுள் பிடித்திருக்கும். மீள்குடியேறித் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்தில் ஒரு பாலை நின்ற வளவுக்குப் பக்கத்து வளவார் எல்லோரும் மத்தியானத்தில் வந்து இருப்பார்கள். கைக்குழந்தைகளை அங்கேதான் ஏணை கட்டித் தூங்கவைத்தோம். கோடையில் பாலைப்பழம் ஏ9 வீதியோரத்தில் விலைக்குப் போகிறது. உங்களுக்கு முற்றத்தில் விழுகிறது. கூரையைக் கூட்ட ஒரு நீண்ட ஈர்க்குமாறு போதும்.

18 ஓகஸ்ட்

புளி பற்றி ஒரு திருத்தம்: அரை ஏக்கர் வளவுக்குள் வேண்டாம், எல்லையில் வையுங்கள். அதன் நிழலில் மற்றப் பயிர் தேறாது.

1 செப்டெம்பர்

குரங்கு. இதுதான் இப்போது வன்னியில் செடித் தேர்வைத் தீர்மானிக்கிறது. மண்ணும் தண்ணீரும் அதற்குப் பின்னால்தான்.

எங்கள் பக்கத்தில் நான் கண்டது: கொய்யா, பப்பாசி, மா, வாழை, இளநீர்க் குரும்பை எதுவும் தப்பாது. கறிவேப்பிலை, தேசி, பாகல், கற்றாழை, மஞ்சள், இஞ்சி, அகத்தி ஆகியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. காட்டோரத்தில் இருப்பவர் முதல் ஐந்து ஆண்டுக்கு இந்த இரண்டாவது பட்டியலையே நம்ப வேண்டும். பழமரம் வைப்பதானால் ஆள் நடமாடும் இடத்தில், குசினி யன்னலுக்கு நேரே வையுங்கள். பின்வளவின் கடைசியில் நிற்கும் கொய்யா குரங்குக்கே.

மயில் இன்னொரு பக்கம். மிளகாய் நாற்று, கீரை முளை, பயிற்றை முளை எல்லாவற்றையும் கொத்திவிடுகிறது. எங்கள் மாமி நாற்றுமேடையைப் பார்த்துவிட்டு, "முருகனிடம் முறைப்பாடு கொடுக்கலாமா?" என்று கேட்டார். பழைய மீன்வலையை நான்கு தடியில் முழங்கால் உயரத்தில் கட்டி மேடையை மூடுங்கள். நாற்று ஒரு சாண் வளர்ந்தபின் எடுக்கலாம்.

8 செப்டெம்பர்

ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர், எல்லாவற்றையும் குரங்கு தின்கிறது என்று தோட்டத்தையே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். அதை வாசித்து இரவு முழுவதும் மனம் கனத்துக் கிடந்தது. ஐயா, மரவள்ளியும் பூசினியும் போனாலும் இராசவள்ளி இருக்கிறது. கொடியைத் தின்ன வராது, கிழங்கு மண்ணுக்குள். வேலியோரத்தில் வேம்பில் ஏற்றிவிடுங்கள். பன்றி கிளறும் இடமானால் கிழங்கைச் சுற்றி உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் புதையுங்கள். எங்கள் ஊரில் அப்படிச் செய்து காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

20 செப்டெம்பர்

வேலி. கன்று வாங்கும் காசில் பாதியை வேலிக்கு ஒதுக்குங்கள். கட்டாக்காலி மாடு ஒருமுறை புகுந்தால் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போகும். முட்கம்பி மட்டும் போதாது, அதன் நடுவே கதியால், அதாவது துளிர்த்து மரமாகும் வேலித்தடி, ஊன்றுங்கள். சீமைக்கிளுவை சிறந்தது, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக அரசே 2005இல் அதை அறிவித்தது. ஆளுயரத் தடியை முதல் மழையோடு ஊன்றினால் பிடித்துவிடும். குழையை வெட்டித் தென்னைக்கும் வாழைக்கும் அடியில் போடலாம், ஆட்டுக்கும் போடலாம். இடையிடையே பூவரசும் கிளுவையும். முள்முருக்கு ஒன்றாவது நிற்க வேண்டும். கலியாணவீட்டில் கன்னிக்கால் ஊன்ற ஊரெல்லாம் தேடி அலையும் மரம் அது. இலையில் கட்டி கட்டியாக வீங்கும் குளவித் தாக்கம் பரவியதிலிருந்து அது அருகிவிட்டது.

13 ஒக்டோபர்

மழை தொடங்கிவிட்டது. நடும் காலம் இதுதான். இப்போது நட்டால் மூன்று மாத மழையில் வேர் இறங்கி, மாசிப் பனி முடிந்து வெயில் ஏறும்போது கன்று தன் காலில் நிற்கும். சித்திரையில் நட்டவர்கள் ஆறு மாதம் வாளி தூக்க வேண்டும்.

கன்றுப் பையைப் பிரிக்குமுன் அதன் மண்ணைப் பாருங்கள். கரட் இலை மாதிரி இலையோடு சிறு முளை இருந்தால் அது பார்த்தீனியம் என்ற களை. பூப்பதற்குமுன் வேரோடு பிடுங்கி எரியுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் வெடித்துச் சொறியும். இலங்கையில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது நம் வவுனியாவில். 1980களின் இறுதியில் இந்தியப் படையினரோடு வந்த ஆடுகளால் வந்தது என்பது பரவலான கருத்து. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். வெளியே வாங்கும் மாட்டெருவோடும் மணலோடும் அது வளவுக்குள் வருகிறது. எரு வாங்கினால் ஒரு மூலையில் குவித்து நனைத்து, முளைக்கவிட்டு, முளைத்ததைப் பிடுங்கிய பிறகு பாவியுங்கள்.

1 டிசம்பர்

ஃபெங்கல் புயலோடு வந்த மழை எல்லோரையும் அடித்துப்போட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் முதலில் அதைப் பாருங்கள், செடியைப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் வளவில் கிழக்குப் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றது. அங்கே நின்ற பப்பாசிகள் தண்ணீர் வடிந்த மறுநாளே தலை தொங்கின, இனித் தேறாது. மேட்டில் நின்றவை நன்றாக இருக்கின்றன, அதே விதை, அதே வயது. முருங்கையில் ஒன்று காற்றில் முறிந்தது. அது பெரிதல்ல, நான்கடிக்கு மேலே வெட்டிவிட்டால் தையில் புதுக்கிளை விடும். வாழைகள் சாய்ந்தன. தேசி தாங்கியது. பொன்னாங்காணியும் வல்லாரையும் முன்பைவிடச் செழித்திருக்கின்றன. வளவின் பள்ளமான மூலைக்கு இனி அவைதான், ஓரமாகக் கமுகு இரண்டும்.

தண்ணீர் நின்ற இடங்களில் இப்போதே தடி ஊன்றி அடையாளம் வையுங்கள். கோடையில் நிலம் காய்ந்ததும் எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரியும்.

2 டிசம்பர்

பப்பாசி மறுபடி வைக்கிறவர்களுக்கு: ஒரு மேட்டில் மூன்று கன்று. பூக்கும்போது ஆண் மரங்களைக் களைந்து ஒன்றை விடுங்கள்.

19 ஜனவரி 2025

மா பூக்கத் தொடங்கிவிட்டது. மழை விட்டதும் நிலம் காய்கிறதே என்று பயந்து மாவுக்குத் தண்ணீர் இறைக்கிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். பூ வருவதற்கு அந்த வரட்சி தேவை. இப்போது இறைத்தால் துளிர்தான் வரும். பிஞ்சு பட்டாணி அளவானபின் தண்ணீர் கொடுங்கள். ரம்புட்டானுக்கு ஆகாத இந்தக் காலநிலைதான் கறுத்தக்கொழும்பானின் இனிப்புக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பலா வேண்டுமானவர்கள் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்தாரிடம் கன்று கேளுங்கள். அந்த ஈர மண்ணில் அவர்களுக்கு அது கைவந்த மரம்.

மாதுளை மாவுக்கு நேர்மாறு: காய் பிடித்தபின் தண்ணீர் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒருநாள் வெள்ளமாக ஊற்றி ஒரு வாரம் விட்டால் காய் வெடிக்கும். பக்கத்தில் மண்முட்டி ஒன்றைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிடுங்கள். அது தானாகக் கசிந்து கொடுக்கும்.

9 பெப்ரவரி

பூமரம் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று என் மகளே குறைப்பட்டாள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா, பட்டிப்பூ, கடதாசிப்பூ. ஐந்தும் கோடையைத் தாங்கும், முதல் மூன்றும் கோயிலுக்கும் ஆகும். மல்லிகைக்குக் கிணற்றடி. குரோட்டன் நிழலில் சாடியில் இருக்கட்டும்.

மஞ்சள் அலரி வேண்டாம். அதன் கொட்டை இதயத்தை நிறுத்தும் நஞ்சு. வடக்கில் அதனால் இழந்த உயிர்கள் அதிகம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், மனம் நொந்தவர்கள் உள்ள வீட்டில், அந்த மரம் நிற்கவே கூடாது. நின்றால் வெட்டுங்கள். நான் மரம் வெட்டச் சொல்வது இது ஒன்றைத்தான்.

வீட்டைச் சுற்றிப் பத்தடி வெறும் நிலமாக, கூட்டிய முற்றமாக வைத்திருங்கள். அடர்ந்த பூஞ்செடியும் கல் அடுக்கும் படியோரத்தில் இருந்தால் முத்திரைப் புடையன் வந்து படுக்கும். கன்றுக்கடியில் வைக்கோலும் சருகும் போடும்போதும் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் கறையான் பட்டையில் ஏறும்.

10 பெப்ரவரி

கறிவேப்பிலையைப் பச்சைப் புழு மொட்டையாக்குகிறது என்று கேட்டவருக்கு: அது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் தேசியும் ஒரே குடும்பம், அதனால் இரண்டிலும் வரும். கையால் பொறுக்கி எடுங்கள். மருந்து அடிக்காதீர்கள், அடித்த இலையை அன்றைக்கே கறியில் போட்டுவிடுவீர்கள்.

16 மார்ச்

நேற்றுக் காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எண்ணச் சொன்னார்களே, எல்லோரும் எண்ணினீர்களா? பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைப் பங்கிட்டுக்கொண்டு மிகக் கவனமாக எண்ணினார்கள். எண்ணிக்கையை ஒப்படைத்துவிட்டோம். கணக்கு எடுத்ததோடு நிற்காமல் விவசாயிக்கு ஏதாவது வழி காட்ட வேண்டும். பலன் வரும்வரை செப்டெம்பர் முதலாம் திகதி எழுதிய பட்டியலை மாற்றத் தேவையில்லை. ஒரு சேர்ப்பு மட்டும்: மாதுளையைத் துணிப்பை கட்டிக் காப்பாற்றலாம் என்று புதுக்குடியிருப்பில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அணிலுக்குச் சரி, குரங்கு பையோடு பிடுங்கும்.

27 ஏப்ரல்

மஞ்சள் பற்றிக் கேட்டவர்களுக்கு. 2020இல் இறக்குமதி நின்று விலை ஏறியபோது பலர் சாக்கிலும் வாளியிலும் நட்டீர்கள். விலை இறங்கியதும் விட்டுவிட்டீர்கள். விடாதீர்கள். குரங்கு தொடாது, தென்னைக்கும் மாவுக்கும் இடையிலுள்ள அரைநிழலில் வேறு எதுவும் இவ்வளவு நன்றாக வராது. முளை கண்ட விரலிக் கிழங்கை, சித்திரை மழை ஈரத்தில், ஒரு சாணுக்கு ஒன்றாக, இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, மேலே சீமைக்கிளுவைக் குழையால் மூடுங்கள். பாத்தி உயர்ந்திருக்கட்டும், மார்கழி வெள்ளம் நிற்கக் கூடாது. இலை தானாகக் காய்ந்து விழும்போது, எட்டு முதல் பத்து மாதத்தில், கிண்டலாம். எங்களிடம் விதைக்கிழங்கு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வட்டக்கச்சிச் சந்திவரை வரக்கூடியவர்கள் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.